சேவலுக்கு வாங்கிய தந்திக் கருவி

நூற்றறுபது வருஷத்துக்கு முந்தி எழுதின கடிதம் ஒன்று வியாழக்கிழமை காலையில் மாரிக்கனி வீட்டு வாசலுக்கு வந்து, வழியில் கொஞ்சம் சுணங்கிவிட்டதாகச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கேட்டது. குடித்து முடித்ததும் தன்னைத்தானே பிரித்துக் காட்டியது. புத்தம்புதுத் தந்திக் கருவி ஒன்று விலைக்கு இருக்கிறது, விலை ஒரு நல்ல குதிரை என்று எழுதியிருந்தது. கருவி தெருவில் பின்னாலேயே நின்றது.

வேறு நாளாயிருந்தால் போகச் சொல்லியிருப்பாள். ஆனால் மறுநாள் மகள் நிறைமதிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். மாரிக்கனியின் தம்பி சீனிப்பாண்டியோ நாக்பூரில் முறுக்குப் பிழிகிறான். முதலாளி லீவு தரவில்லை.

"ஒந் தம்பி வரலைன்னா எங்க அண்ணன் மடியில உக்கார வச்சிருவேன். பெறவு ஒங்க வீட்டுக்கு என்ன மொறை இருக்கு?" என்று மாமியார் செண்பகத்தாய் வெங்காயம் உரித்தபடி சொன்னாள்.

தந்தி வந்தால் எந்த முதலாளியும் லீவு கொடுத்துத்தான் ஆக வேண்டும். மாரிக்கனி பேரம் பேசினாள். "குதிரைக்கு நான் எங்க போவேன்? சேவல் ஒண்ணு நிக்கி. வேணும்னா புடிச்சிக்கோ."

கடிதம் கொஞ்சம் யோசித்தது. குதிரையை அடித்துவிட்டுச் சேவல் என்று திருத்திக்கொண்டது. கருவியைத் துணி காயப்போடும் கொடிக்கம்பியில் மாட்டினால் போதும், தந்தியில் மட்டும் வார்த்தையை வளர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, சேவலை இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டியது.

'தம்பி, பிள்ளைக்குக் காதுகுத்து, உன் மடி வேணும், உடனே புறப்பட்டு வா' என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி வேண்டாததையெல்லாம் எடுத்துப் போட்டாள். 'மடி உடனே' என்பது மிஞ்சியது. அதையே தம்பிக்குத் தந்தி அடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, கொடிக்கம்பி வழியாக மடி வந்து சேர்ந்தது. கட்டம் போட்ட லுங்கியில் முறுக்கு மாவு. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

"மாமன் யாரும்மா?" என்றார் ஆசாரி.

"இதான்."

செண்பகத்தாய் லுங்கியை உற்றுப் பார்த்தாள். "புது வேட்டி கட்டிட்டு வரப்படாதா?" என்று மட்டும் சொன்னாள்.

காது குத்தியாயிற்று. நிறைமதி ஊரைக் கூட்டி அழுதுவிட்டு மடியிலேயே தூங்கிப்போனாள். அந்தியில் போன் வந்தது.

"எக்கா, மடிய எப்ப அனுப்புவ? உக்கார முடியல."

"பிள்ள அசந்து தூங்குதுடா. இன்னைக்கு மட்டும் நின்னுக்கிட்டே புழி."

"சரி. ரொம்ப அழுதாளா?"

"ஒன்னைய மாதிரிதான்."

மறுநாள் விடியக்காலம் கொடிக்கம்பி கூவியது. கடிதம் கொண்டுபோன சேவல் எழுதினவரிடம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. சத்தத்தில் நிறைமதியும் விழித்துக்கொண்டாள். மாரிக்கனி மடியை உதறிக் கம்பியில் கிளிப் போட்டு மாட்டினாள். வாய் வராததால் விருந்தில் கை நனைக்காமலே போகிறதே என்று கேசரியை ஒரு டப்பாவில் அடைத்து, மடியிலேயே வைத்து அனுப்பிவிட்டு, வாசல் தெளிக்கப் போனாள்.