மூன்று டிகிரி

இளைய மாப்பிள்ளை புதுக் கார் வாங்கிய அதே வாரத்தில் மூத்த மாப்பிள்ளையின் காரில் ஏசி செத்துப் போனது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்பது மூத்தவருக்குத் தெரியாமல் இல்லை. பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் அவர். குடுவைகளைக் கழுவி, எண் எழுதி ஒட்டி, அலமாரியில் வரிசையாக அடுக்கியே பாதி ஆயுள் போனவர். ஒரு வண்டி இன்னொரு வண்டிக்குச் சூனியம் வைக்காது என்று அவருக்கா தெரியாது? தெரிந்தும் வயிறு எரிந்தது.

இத்தனை காலமும் அந்தக் குடும்பத்தில் கார் என்றால் மூத்தவரின் கார்தான். மாமியாருக்குப் பல்வலியோ, பென்ஷன் வேலையோ, யார் வீட்டிலாவது துக்கமோ, ஒரு போன் வந்தால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முன் சீட்டு மாமியாருடையது. அவர் உயரத்துக்கு ஏற்றபடி நகர்த்தி வைத்த சீட்டை மூத்தவர் பிறகு யாருக்காகவும் நகர்த்தியதில்லை. மனைவி கூட முழங்காலை மடக்கிக்கொண்டுதான் அதில் உட்கார வேண்டும்.

இப்போது அதே மனைவி, தங்கையோடு கடைக்குப் போய்விட்டு, இளையவரின் காரிலிருந்து இறங்கி வந்து அவர் தோளைத் தொட்டாள். அந்த உச்சி வெயிலில் கை ஜில்லென்று இருந்தது.

"கையைப் பாருங்க, ஐஸ் மாதிரி இருக்கு. இன்னும் ரெண்டு தெரு போயிருந்தா போர்வை கேட்டிருப்பேன்."

மூத்தவர் தோளைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பார். மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் புதன்கிழமைக்குக் குறித்திருந்தார்கள். யார் அழைத்து வருவது என்ற பேச்சே எழவில்லை. அக்காவும் தங்கையும் போனிலேயே முடிவு செய்திருந்தார்கள்.

"அம்மாவை அவங்க வண்டியில கூட்டிட்டு வந்துடலாம்ங்க. ஆபரேஷன் பண்ண கண்ணுல வேர்வை இறங்கக் கூடாதாம். நம்ம வண்டி இப்ப அடுப்பு மாதிரி இருக்கு."

"அப்ப நான்?"

"நீங்க பின்னாடி வாங்க. பையெல்லாம் தூக்கணும் இல்ல?"

பை தூக்க! மூத்தவர் அன்று இரவு சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். கையைக் கழுவிவிட்டு ஒன்று சொன்னார்: "புதன்கிழமைக்குள்ள என் வண்டி குளிரும். அத்தை என் வண்டியிலதான் வருவாங்க."

"மெக்கானிக் கிட்ட விடப் போறீங்களா?"

"நானே பண்ணுவேன்."

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மிக்ஸியை நீங்களே பண்ணீங்க. இப்ப அது கத்துறதுல பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துக்குது."

ஆனால் மூத்தவர் இந்த முறை முறையாகவே இறங்கினார். மாடி வீட்டில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர்காரர் ஒருவர் குடியிருந்தார். வாய் ஓயாத மனிதர், ஆனால் கேட்டதைக் கொடுப்பவர். அவரிடமிருந்து காற்றை உறிஞ்சும் பம்பும், அழுத்தம் பார்க்கும் மீட்டரும் இரவல் வந்தன. பானெட்டைத் திறந்து, குழாய்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனார் மூத்தவர். ரேடியேட்டர் பக்கத்தில் ஒரு இணைப்பில் மட்டும் புழுதி எண்ணெய்ப் பிசுக்கோடு அப்பியிருந்தது. கேஸ் வெளியேறும் இடத்தில் அதோடு ஓடும் எண்ணெயும் கசியும். சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தார். சின்னச் சின்னதாக நுரை முட்டை விட்டது.

"பிடிச்சேன்டா உன்னை" என்றார் மூத்தவர், சகலையின் சட்டைக் காலரையே பிடித்துவிட்டவர் போல.

மிச்சமிருந்த கேஸை ஃப்ரிட்ஜ்காரர் தன் சிலிண்டரில் இழுத்துக்கொண்டார். "காத்துல விடக் கூடாது சார், ஊருக்கே கெடுதி" என்றவர், அப்படியே தன் மச்சான் ஒருமுறை கேஸின் கடுங்குளிர் பட்டு விரலைப் புண்ணாக்கிக்கொண்ட கதையையும் சொல்லி முடித்தார். மூத்தவர் கதை முடியும் முன்பே கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டார். இணைப்பைக் கழற்றினால் உள்ளே ரப்பர் வளையம் வெடித்துக் காய்ந்திருந்தது. புது வளையத்துக்கு எண்ணெய் தடவிப் பொருத்தி முடுக்கினார். பம்பைப் போட்டு உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுத்தார். பம்பை நிறுத்திவிட்டு, மீட்டரின் முள்ளையே பார்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முள் அசையவில்லை. ஓட்டை அடைபட்டுவிட்டது.

பானெட்டின் அடியில் எவ்வளவு கேஸ் என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. கேஸ் டப்பாவை ஆய்வகத் தராசில் நிறுத்தி வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டிக்கரில் சொன்ன எடை உள்ளே போனதும் சட்டென்று மூடினார். அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

உள்ளே ஏறி உட்கார்ந்தார். முகத்தில் குளிர்காற்று அடித்தது! ஆய்வகத்துத் தெர்மாமீட்டரைக் காற்று வரும் வாயில் செருகினார். சிவப்புக் கோடு இறங்கி இறங்கி ஒன்பதில் வந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் மனைவியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார், அடுப்பில் எது இருந்ததோ தெரியவில்லை.

அவள் முகத்தை நீட்டினாள். "அட, நிஜமாவே பண்ணிட்டீங்களே!" என்றாள். அத்தோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். இறங்கும்போது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள்: "அவங்க வண்டி அளவுக்கு இல்லேன்னாலும் பரவாயில்லைங்க. இது போதும்."

போதுமாம்.

ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். இளையவரின் கார் வாசலில் கல்யாணப் பெண் மாதிரி நின்றது. மூத்தவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"தம்பி, சாவி குடுங்க. வண்டி வெயில்ல நிக்குது பாருங்க, நிழல்ல போடறேன்."

"உங்களுக்கு ஏண்ணே சிரமம்?"

"எனக்கென்ன சிரமம்."

வண்டியை மரத்தடியில் நிறுத்தி, ஏசியை முழுசாகத் திருகி, சட்டைப் பையிலிருந்த தெர்மாமீட்டரைக் காற்றுவாயின் தகடுகளுக்கு நடுவே செருகினார். ஒன்பதைத் தாண்டியது. எட்டு. ஏழு. நின்றுவிடு, நின்றுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினார். ஆறில் போய் நின்றது.

மூன்று டிகிரி. அதை வெறித்துக்கொண்டிருக்கையில் பக்கத்துக் கதவு திறந்தது. இளையவர் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, சொல்ல மறந்துட்டேன். இதுல சீட்டும் குளிரும். பட்டன் காட்டறேன் இருங்க."

பதறிப்போய்த் தெர்மாமீட்டரை எடுக்கப் போன விரல் அதை உள்ளே தள்ளிவிட்டது. தகடுகளுக்கு இடையே நழுவி, எங்கோ ஆழத்தில் 'டொக்' என்றது.

"என்னண்ணே சத்தம்?"

"என் முட்டி" என்றார் மூத்தவர். "வயசாச்சு இல்ல."

இளையவர் பட்டனை அழுத்தினார். மூத்தவருக்கு உட்கார்ந்த இடமெல்லாம் குளிர்ந்தது, வயிறு மட்டும் குளிரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே பானெட்டைத் திறந்தார். இன்னொரு டப்பா கேஸ் மிச்சம் இருந்தது. ஸ்டிக்கரைப் பார்த்தார். ஸ்டிக்கரும் அவரைப் பார்த்தது. இந்த ஸ்டிக்கரை ஒட்டினவனுக்கு என் சகலையைத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே குழாயை மாட்டினார். தராசை எடுக்கவில்லை. கொஞ்சம் விட்டார். உள்ளே போய்க் காற்றில் கையை வைத்துப் பார்த்தார். தெர்மாமீட்டர் இருந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருக்கும், அது எதிரியின் வண்டிக்குள் கிடந்தது. கை சொன்னதுதான் கணக்கு. கூடுதலாகக் குளிர்வது போல இருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டார். இப்போது நிச்சயமாகக் குளிர்ந்தது. பொறாமைப்படுகிறவன் கைக்கு எதுதான் குளிராது? டப்பா காலியாகும் வரை விட்டார்.

புதன்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு கார்களும் நின்றன. ஒரு கண்ணில் மூடியோடு மாமியார் மகள்களின் கையைப் பிடித்து இறங்கி வந்தார். இளையவர் தன் கார்க் கதவைத் திறந்து நின்றார். மூத்தவர் அதற்கு முன்பே தன் கதவைத் திறந்து, வழியை மறித்த மாதிரி நின்றிருந்தார்.

"அத்தை, இங்க. உங்க சீட்டு."

மாமியார் கையால் துழாவி, பழகிய இடத்தில் உட்கார்ந்தார். "ஏசி சரியாயிடுச்சா மாப்பிள்ளை? நல்லா இருக்கே."

மூத்தவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். தங்கையை ஏற்றிக்கொண்டு இளையவர் அடக்கமாகப் பின்தொடர்ந்து வந்தார். இதைவிட அழகான காட்சியை மூத்தவர் அந்தக் கண்ணாடியில் பார்த்ததில்லை.

வண்டி ஓடிக்கொண்டிருந்த வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாலத்துக்குக் கீழே, மதிய வெயிலில், நெரிசலில் மாட்டி நின்றார்கள். பானெட்டுக்குள் 'டிக்' என்றது. சற்றுப் பொறுத்து மறுபடி 'டிக்'. பிறகு காற்று வெதுவெதுப்பாகி, சூடாகி, யாரோ முகத்தில் மூச்சு விடுவது போல வந்தது.

"என்னங்க?" என்றாள் பின்னாலிருந்து மனைவி.

"ஒண்ணுமில்லை. இப்ப வந்துடும்."

வரவில்லை. மாமியாரின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாகப் பூத்தது. ஒரு துளி மெல்ல மூடியை நோக்கி இறங்கியது. மனைவி சீட்டின் மேல் எக்கிக் கைக்குட்டையால் ஒற்றினாள். ஒற்ற ஒற்ற ஊறியது. ஜன்னலை இறக்கினால் புகையும் புழுதியும் வரும்.

"ஏங்க, அம்மா கண்ணுங்க!"

அந்தக் குரலில் மூத்தவருக்கு எல்லாம் வடிந்துவிட்டது. நெரிசல் நகர்ந்ததும் பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியைத் திருப்பி நிறுத்தினார். தானே இறங்கிப் பின்னால் போய், இளையவரின் ஜன்னலைத் தட்டினார்.

"தம்பி, அத்தையை உங்க வண்டியில..."

இளையவர் அதற்குள் இறங்கிவிட்டார். மாமியாரை மெல்லக் கைத்தாங்கலாக மாற்றினார்கள். மூத்த மகளும் அவரோடு ஏறிக்கொண்டாள். மூத்தவர் பைகளோடு தன்னந்தனியாக, நான்கு ஜன்னலும் திறந்தபடி பின்னால் போனார்.

மாமியார் வீட்டில் அவர் பைகளை இறக்கிவிட்டு உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றார். இளையவர் வெளியே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார். தெர்மாமீட்டர். அதில் ஒட்டிய வெள்ளைப் பட்டையில் ஏழாம் எண், மூத்தவரின் சொந்தக் கையெழுத்து.

"ஏசி போட்டா கடகடன்னு சத்தம் வந்துச்சுண்ணே. ஷோரூம்ல கழட்டிப் பார்த்தாங்க. உங்க லேப்போடதுதானே?"

மூத்தவருக்குக் காது வரை சுட்டது. "யார் கிட்டயாவது..."

"சொல்லலை." இளையவர் குரலைத் தாழ்த்தினார். "என் வண்டி எவ்வளவு காட்டுச்சு?"

"ஆறு."

"உங்களது?"

"ஒன்பது. போதலைன்னு மேல கொஞ்சம் கேஸ் ஏத்தினேன்."

இளையவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. பிறகு முகம் சற்று மாறியது. "நீங்க வேற. வழி பூரா அத்தை 'மூத்த மாப்பிள்ளை வர்றாரா, மூத்த மாப்பிள்ளை வர்றாரா'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. அவங்களுக்கு ஒரு கண்ணுல மூடி, திரும்பிப் பார்க்க முடியாது. நான்தான் கண்ணாடியில பார்த்துப் பார்த்து, 'வர்றார் அத்தை, திரும்பிட்டார் அத்தை, சிக்னல்ல நிக்கிறார் அத்தை'ன்னு சொல்லிக்கிட்டே ஓட்டினேன். புது வண்டி எப்படியிருக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலைண்ணே. சீட்டுக் குளிர்றது கூட அவங்களுக்குத் தெரியலை."

அவர் சொன்ன விதத்தில் ஒரு புளிப்பு இருந்தது. மூத்தவருக்கு அந்தப் புளிப்பு நன்றாகத் தெரிந்த புளிப்பு. எங்கோ அடிவயிற்றில் இதமாக ஏதோ இறங்கியது. ஆறு டிகிரிக்கும் குறைவாகவே இருக்கும்.

அன்று சாயங்காலம் ஃப்ரிட்ஜ்காரர் கேஸ் முழுவதையும் இழுத்தெடுத்தார். "அளவுக்கு மேல போனா அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் தானே நின்னுடும் சார். நெரிசல்ல நின்னா கேட்கவே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மச்சானின் விரல் கதையை மறுபடி ஆரம்பித்தார். மூத்தவர் தராசை வைத்து, ஸ்டிக்கர் சொன்ன எடையை மட்டும் விட்டார். தெர்மாமீட்டர் ஒன்பது காட்டியது. தட்டிப் பார்த்தார். ஒன்பதேதான்.

கண்ணைத் திரும்பக் காட்டுவதற்கு மறுவாரம் போக வேண்டியிருந்தது. இளையவரின் காரை அவர் மனைவி வேலைக்கு எடுத்துப் போய்விட்டாள். அதனால் இளையவர் மூத்தவரின் காரில், பின் சீட்டில் உட்கார்ந்தார். மாமியார் முன்னால். பாலத்துக்குக் கீழே அன்றும் நெரிசல். 'டிக்' என்று கேட்கிறதா என மூத்தவர் பானெட்டைக் கவனித்தார். குளிர்காற்று நிற்காமல் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மாமியார் முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"கொஞ்சம் குறைச்சு வைங்க மாப்பிள்ளை. குளிருது."

மூத்தவரின் கை திருகு வரை போய், அங்கேயே நின்றது. கண்ணாடியில் இளையவரின் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

"அத்தை," என்றார், "இன்னொரு தடவை கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. பின்னாடி கேட்கலை."