சிட்டம்மாள் கொண்டுவந்த வெள்ளைப் பொடி

உத்திரமேரூர் ஏரித் தண்ணீர் பாயும் அரைக்காணியில் சிட்டம்மாளின் நெற்பயிர் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தது. புருஷன் போன பிறகு தனி ஆளாக, விளைச்சலில் பாதி கொடுத்து, அவள் வாரத்துக்கு உழுத நிலம் அது. தலைமுறை தலைமுறையாகக் கூலிக்கு நட்டுக் கூலிக்கு அறுத்த குடும்பத்தில், 'என் பயிர்' என்று சொல்லிக்கொள்ள வாய்த்தது அவள் ஒருத்திக்குத்தான். நிலத்துக்காரர் ராமானுஜம் அதை வெகுநாளாகத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். குத்தகைக்காரரை நினைத்தபடி விரட்டக் கூடாது என்று சர்க்கார் சட்டம் போட்டிருந்ததால், பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தார்.

கேடு உரக்கடை எல்லப்பன் வழியாக வந்தது. பக்கத்து வயல்களில் அமோனியம் சல்பேட் போட்டுப் பயிர் கரும்பச்சையாக நிற்பதைப் பார்த்து, இவளும் ஒரு ஆட்டை விற்று ஒரு மூட்டை வாங்கினாள்.

"சீமை உரம் சிட்டம்மா. அள்ளித் தூவு. தப்பித் தவறி வாயில வெச்சிடாத, வெசம்" என்று எல்லப்பன் சொல்லி அனுப்பினான். மகராசனுக்கு என்ன அக்கறை!

தூவிய கொஞ்ச நாளில் பயிர் மஞ்சளாகப் பழுத்தது. ஓடிப்போய்க் கேட்டாள். "உரம் பத்தல. இன்னொரு மூட்டை போடு, கிர்ருனு ஏந்துக்கும்" என்றான். மிச்சமிருந்த ஆடும் போயிற்று. அந்த மூட்டையையும் போட்டாள். படிக்காதவள் என்று யாரும் சிரிக்க வேண்டாம். டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லையென்றால் படித்தவர்களும் இன்னொரு வேளை சேர்த்துத்தான் குடிக்கிறார்கள்.

பயிர் மொத்தமாகச் சாய்ந்தபோதுதான் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. மூட்டை அடியில் கிடந்த பொடியை முந்தானையில் முடிந்துகொண்டு, உயர்நிலைப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்தும் சுந்தரவரதன் வாத்தியாரிடம் போனாள்.

"சாமி, இது இன்னா சரக்குன்னு பாத்துச் சொல்லுங்க. எல்லப்பன் உரம்ன்றான். பயிரு செத்துக்கினு கீது."

வாத்தியார் நல்ல மனுஷர். பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளைச் சோதனைச் சாலைக்குள் கூப்பிட்டார். வாசற்படியிலேயே தயங்கி நின்றவளை இரண்டு தரம் கூப்பிட வேண்டியிருந்தது.

முதலில் பள்ளிக்கூடத்துப் புட்டியிலிருந்த அசல் அமோனியம் சல்பேட்டைக் கண்ணாடிக் குழாயில் போட்டு, காரக் கரைசல் விட்டு, விளக்கில் காட்டினார். மாட்டுக் கொட்டகை மூத்திர நெடி குப்பென்று ஏறி அவள் கண்ணில் நீர் வந்தது. "உரம்னா இப்படி நாறணும்" என்றார். அடுத்த குழாயில் அவளுடைய பொடி. கொதித்தது, நெடி வரவில்லை. சிட்டம்மாள் கூச்சத்தை விட்டு, அவர் கையிலிருந்த குழாயருகே மூக்கை நீட்டி நீட்டி முகர்ந்தாள்.

"ஒண்ணியும் வரலியே சாமி."

"அமோனியா இல்லை."

பொடியைத் தண்ணீரில் கரைத்துப் பேரியம் குளோரைடு விட்டார். சல்பேட்டாக இருந்தால் வெள்ளையாகக் கலங்க வேண்டும். தெளிவாகவே இருந்தது.

"சுண்ணாம்புக்கல்லுப் பொடியா இருந்தாலும் பரவால்ல சாமி. நெலத்துக்கு ஆவும்" என்றாள் அவள். பேரம் பேசினால் பொடி கொஞ்சம் இறங்கி வரும் என்று நினைத்தாளோ என்னவோ. வாத்தியார் அதற்கும் அமிலம் விட்டுப் பார்த்தார். சுண்ணாம்புக்கல் என்றால் நுரைத்துப் பொங்கியிருக்கும். பொங்கவில்லை.

பரீட்சைக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்த சில்வர் நைட்ரேட்டை எடுத்தார். பொடியைப் புதிதாகக் கரைத்து அதில் சில சொட்டு விட்டதும் குழாயில் பால் திரிந்தாற்போல் வெள்ளை வெள்ளையாகக் கட்டி விழுந்தது. கடைசியாகக் கம்பி நுனியில் பொடியைத் தொட்டு நெருப்பில் காட்டினார். மஞ்சளாக எரிந்தது. அவர் முகம் செத்துவிட்டது.

"சிட்டம்மா, இது உப்பு. சோத்துல போடற உப்பு. பொடி பண்ணிக் குடுத்திருக்கான்."

அவள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள். பிறந்த நாளிலிருந்து கஞ்சியில் கரைத்துக் குடித்த அதே உப்பு. நாக்கு ஒரு நொடியில் சொல்லியிருக்கும். விஷம் என்று பயந்து இத்தனை நாள் வாயில் வைக்கவில்லை.

"அப்போ நெலம் சாமி?"

"தண்ணி கட்டி வடிச்சு, கட்டி வடிச்சு, ரெண்டு மழைக்காலம் கழுவணும். அப்புறம் விளையும்."

'விளையும்' என்ற அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். ராமானுஜத்துக்கும் பாதி விளைச்சல் நஷ்டம்தானே? விஷயம் தெரிந்தால் எல்லப்பனைச் சும்மா விடுவாரா? "நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க சாமி" என்று கெஞ்சினாள். வாத்தியாரும் அது நியாயம் என்று கிளம்பினார். அவள் படிக்காத வெகுளி, அவர் படித்த வெகுளி, வேறென்ன சொல்ல.

ராமானுஜம் குரலை உயர்த்தாமல் முழுக்கக் கேட்டார். எல்லப்பனுக்கு ஆள் அனுப்பினார். அவன் வந்து, "நான் குடுத்தது அசல் சரக்கு. இந்தப் பொம்பளை எங்க எதைக் கலந்துச்சோ!" என்று கோயில் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"பொய் சொல்லாதடா! ரெண்டு ஆட்டை முழுங்கினியே!" என்று சிட்டம்மாள் பாய்ந்தாள்.

ராமானுஜம் கையைக் காட்டினார். "உங்க வழக்கை அப்புறம் வெச்சுக்கோங்கோ. சுந்தரவரதன், என் நிலத்துல விழுந்தது உப்புதானா?"

"உப்புதான். ஆனா இவளை ஏமாத்தி..."

"போட்டது யாரு?"

"நாந்தான் சாமி. உரம்னு நெனச்சிக்கினு..." என்றாள் சிட்டம்மாள்.

"நிலம் கெட்டுதா, இல்லையா?"

வாத்தியார் பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். "கெட்டுதான் போச்சு. கழுவினா சரியாயிடும்..."

"நிலத்தைக் கெடுத்த குத்தகைக்காரரை வெளியேத்தலாம்னு அதே சட்டத்துல இருக்கு, தெரியுமோ? இத்தனை நாள் எனக்குக் காரணம் கிடைக்கலை. நீங்களே கொண்டுவந்தேள். சாட்சியும் நீங்கதான்."

திரும்பி வரும்போது ஏரிக்கரையில் சிட்டம்மாள் நின்றாள்.

"சாமி, கோர்ட்டுல கேட்டா அது உப்பு இல்லேன்னு சொல்லக் கூடாதா? வேற எதுனா சோதனை கீதா, வேற மாதிரி வர்ற சோதனை?"

"எத்தனை தரம் பார்த்தாலும் உப்புதாம்மா வரும்" என்றார் வாத்தியார். சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அதனால் அவளுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கோர்ட்டு நிலத்தை ராமானுஜத்துக்குக் கொடுத்தது. ஐப்பசி மழை பிடித்ததும், அரைக்காணியில் தண்ணீர் கட்டி வடிக்க ராமானுஜம் கூலிக்கு ஆள் விட்டார். எந்தப் பக்கம் மடை வெட்டினால் தண்ணீர் சொட்டு நிற்காமல் வடியும் என்பது சிட்டம்மாளுக்குத்தான் தெரியும். அதனால் முதல் ஆளாக அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவளும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள்.