தாழ்ப்பாளுக்கு எத்தனை மார்க்?

கணக்கு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் கோணமானி. அப்படிப்பட்டவர் தலையில்தான், பத்தாம் வகுப்புக்கு 'உரையாடலும் மனிதர்களோடு பழகுதலும்' என்ற புதுப் பாடத்தைக் கட்டினார் ஹெட்மாஸ்டர். வியாழக்கிழமை ஐந்தாவது பீரியடில் சும்மா இருந்தது அவர் ஒருவர்தான்.

"சார், எனக்கு மனுஷங்களோட பழகவே வராது."

"அதனால என்ன டீச்சர்? எல்லாம் புத்தகத்துல போட்டிருக்கு."

இதே ஹெட்மாஸ்டரோடு டீச்சர் இரண்டு வருஷமாக ஒரு தாழ்ப்பாளுக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெண் பிள்ளைகளின் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த மானக்கேட்டுக்குப் பயந்து பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. காலையில் நிரப்பி வந்த பாட்டிலை மாலையில் அப்படியே வீட்டுக்குச் சுமந்து போவார்கள். டீச்சர் மூன்று கடிதம் எழுதிப் பார்த்தார், இரண்டு தடவை மேஜையைத் தட்டிக் கத்தியும் பார்த்தார். இவர் கத்தினால் ஹெட்மாஸ்டர் அதைவிடக் கத்துவார். கடைசியில் இருவருக்கும் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

புதுப் புத்தகத்தின் மூன்றாவது பாடம், காது கொடுத்துக் கேட்பது எப்படி. எதிரில் இருப்பவர் கண்ணைப் பார், தலையாட்டு, குறுக்கே பேசாதே, அவர் சொன்னதையே திருப்பிச் சொல். "இதுக்கு ஒரு புத்தகம், அதுக்கு ஒரு பரீட்சை!" என்று டீச்சர் வகுப்பிலேயே தலையில் அடித்துக்கொண்டார்.

பரீட்சை இதுதான்: பள்ளியில் ஒரு பெரியவரிடம் ஐந்து நிமிஷம் பேச வேண்டும். டீச்சர் பக்கத்தில் நின்று மார்க் போடுவார். முக்கால்வாசிப் பேர் வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே நாளில் இத்தனை பேர் குசலம் விசாரித்ததில், தனக்கு ஏதோ பெரிய வியாதி என்று மனுஷன் பயந்தே போனார்.

கடைசியாக வந்தவள் கடைசி பெஞ்சுப் பெண். வகுப்பே அவளைப் பேசாமடந்தை என்றுதான் கூப்பிடும்.

"யார்கிட்ட பேசப் போற?"

"ஹெட்மாஸ்டர் சார்கிட்ட."

டீச்சர் மார்க் பட்டியலை இடுக்கிக்கொண்டு அரை மனதோடு அவள் பின்னால் நடந்தார்.

அறைக்குள் போனதும் அவள், "சார், எங்க பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்ல," என்றாள். அவ்வளவுதான். அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதெல்லாம் எழுதிக் கேட்டாச்சும்மா."

தலையாட்டினாள்.

"நெனச்ச உடனே மாட்டிட முடியுமா? பொருள் வந்தா மட்டும் போதுமா?"

"பொருள் வந்தா மட்டும் போதாது."

"அதான்! மாட்டறதுக்குத் தனியா அனுமதி வாங்கணும்."

"தனியா அனுமதி வாங்கணும்."

டீச்சருக்கு நாக்கு துறுதுறுத்தது. கடித்துக்கொண்டார். ஹெட்மாஸ்டர் பேச்சை இதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை, அவர் வீட்டையும் சேர்த்துத்தான். மனுஷன் உருகிவிட்டார்.

"நீயாவது புரிஞ்சுக்கறியேம்மா. பொருள் வந்தே எட்டு மாசம் ஆச்சு. இதோ, இந்த டிராயர்லதான் கிடக்கு. அனுமதிதான் வரல. நான் என்ன பண்றது?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. பேசாமடந்தை இந்தத் தடவை தலையாட்டவில்லை. கையை நீட்டினாள். சாக்பீஸ் டப்பாவுக்கு அடியிலிருந்து, காகித உறை கூடப் பிரிக்காத தாழ்ப்பாள் வெளியே வந்தது, நான்கு திருகாணிகளோடு.

எட்டு மாசம்! டீச்சருக்கு ஹெட்மாஸ்டர் மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த வெட்கம் பெரிதாக இருந்தது. இந்த ஆளை ஒரு தடவையாவது பேச விட்டிருக்கலாம்.

வாட்ச்மேனிடம் ஸ்க்ரூ டிரைவரை வாங்கி டீச்சரே மாட்டினார். இரண்டாவது திருகாணியில் ஹெட்மாஸ்டர் வராந்தாவில் வந்து நின்றார்.

"டீச்சர், அனுமதி வேணுமே?"

டீச்சர் அவர் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினார். "அனுமதி வேணும்," என்று சொல்லிவிட்டு மூன்றாவதைத் திருகினார்.

மார்க் பட்டியலில் குரல், சொல்வளம், தயக்கமின்மை என்று மூன்றே கட்டங்கள். காது கொடுத்துக் கேட்டதற்குக் கட்டமே இல்லை. டீச்சர் ஸ்கேலை வைத்து நான்காவதாக ஒன்றைப் போட்டு, அதில் முழு மார்க்கையும் எழுதினார்.

மறுநாள் வட்டத்தின் பரப்பளவு நடந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. பேசாமடந்தை பாட்டிலைக் கவிழ்த்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றாள்.

"டீச்சர், வெளிய போயிட்டு வரட்டுமா?"

"கூட யாரு வர்றா?" என்றார் டீச்சர், பழக்கதோஷத்தில்.

"யாரும் வேணாம் டீச்சர்."