குண்டூசி மெத்தையின் மேல் போட்ட பழி

திரைச்சீலையின் நீளத் தையல் பாதியில் இருக்கும்போதுதான் அது நடந்தது. மூன்று மீட்டர் துணி, ஒரே நேர்க்கோடு. அவளுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு தைக்கிற வேலை. வலது கால் பெடலை அழுத்தியிருந்தது, இடது கை துணியை நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. திடீரென்று துணியைப் பிடிக்க ஆளில்லை. குனிந்து பார்த்தால், மடியில் ஒரு கை கிடந்தது.

தன் கைதான் என்று தெரிந்தது. கட்டைவிரல் நகத்தில் பழைய ஊசிக் குத்து அப்படியே இருந்தது. ஆனாலும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் தூங்கிவிட்டால் அவர் கை நம் மேல் வந்து விழுமே, அப்படித்தான் தோன்றியது. வலி இல்லை. பயம்கூட உடனே வரவில்லை. 'எப்போது திரும்பி வரும்?' என்று வேடிக்கை பார்க்கிற ஆவல்தான் முதலில் வந்தது.

எதிர் மெஷினில் தலையணை உறைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்த நாத்தனார் நிமிர்ந்தாள். புருஷனின் தங்கை. இரண்டு பேருமாகச் சேர்ந்து இந்தத் தையற்கடையை ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது.

"அண்ணி, கோடு எந்த ஊருக்குப் போகுது?"

'ஒண்ணுமில்ல' என்று சொல்லத்தான் நினைத்தாள். வார்த்தை நனைந்த துணிபோலக் கனத்து, வாயின் ஒரு பக்கமாக வழிந்தது. நாத்தனார் மெஷினை நிறுத்திவிட்டு ஓடிவந்தாள். அருகே வந்து முகத்தைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து.

"ஏன் வாய் இந்தப் பக்கம் தொங்குது? கையத் தூக்குங்க. ரெண்டு கையும்."

வலது கை மட்டும் எழுந்தது. நாத்தனார் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள். விலாசம் சொல்லி முடிப்பதற்குள் இடது விரல் நுனிகளில் ஏதோ ஊர்ந்தது. பிறகு உள்ளங்கை, பிறகு மணிக்கட்டு. யாரோ விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வருகிற வீடுபோலக் கை திரும்பி வந்தது. மொத்தமே ஐந்து நிமிஷம் இருக்கும்.

"பாத்தியா, போயிடுச்சு," என்றாள். பேச்சும் நேராகியிருந்தது. "வண்டி வேணாம்னு சொல்லு. எல்லாம் இந்தப் பாழாப்போன மெத்தையால வந்தது. பட்டி இறுக்கிடுச்சு, ரத்தம் ஓடல."

இடது மணிக்கட்டில் குண்டூசிகளைக் குத்தி வைக்கிற சின்ன மெத்தையைக் கட்டிக்கொண்டுதான் இருவரும் வேலை செய்வார்கள். கடை திறந்ததும் கட்டினால், பூட்டும்போதுதான் கழற்றுவார்கள். எலாஸ்டிக் பட்டி தோலில் வளையல்போலத் தடம் போட்டிருக்கும். மரத்துப்போன கைக்குப் பழி போட அதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது.

நாத்தனார் அந்தப் பட்டிக்கு அடியில் தன் விரலை விட்டாள். ஒரு விரல், இரண்டு, மூன்று. மூன்றும் தாராளமாக நுழைந்தன.

"இதுவா ரத்தத்த நிறுத்திச்சு? இதுல ஒரு குடும்பமே குடியிருக்கலாம். புது எலாஸ்டிக் வேற. எப்போ மாத்துனீங்க?"

"போன வாரம்."

"ஏன்?"

"பழசு போயிடுச்சு."

பழசு போகவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், கடையில் அவள் தனியாக இருந்தபோது, இடது கையிலிருந்த நூல்கண்டு நழுவி மேசைக்கு அடியில் உருண்டது. குனிந்து எடுக்கப் பார்த்தால் விரல்கள் மடங்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. போன வாரம் பித்தான் தைக்கும்போது மறுபடியும் அதே கை. அன்றைக்குத்தான் யாருக்கும் தெரியாமல் எலாஸ்டிக்கைப் பிரித்துத் தளர்வாக ஒன்றைப் போட்டாள். போட்ட பிறகு மனசு லேசாகிவிட்டது. கையில் வந்த கோளாறு கையோடு போகட்டும். அதற்கு அப்பால் யோசிக்கப் போனால், கைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டிவரும். அந்தக் கதவை அவள் தட்டவே இல்லை. தட்டினால் யாரோ திறந்துவிடுவார்களோ என்றுதான்.

இப்போது பட்டியும் கைவிட்டுவிட்டது. பட்டி தளர்ந்திருந்தும் கை போயிருக்கிறது. அதோடு வாயும் போயிருக்கிறது. வாயை எந்தப் பட்டி இறுக்கியது?

"நான் நல்லாத்தானே இருக்கேன். நடந்து போய் ஆம்புலன்ஸ்ல ஏறினா பாக்கிறவங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீங்களும் கூடச் சேந்து சிரிங்க, வாய் நேரா இருக்கான்னு நான் பாத்துக்கிறேன்."

"துணி நாளைக்குக் குடுக்கணும்டி."

"அண்ணி." நாத்தனாரின் குரல் தாழ்ந்தது. "பல் டாக்டர் கிட்ட உக்காந்திருந்தப்ப சுவத்துல ஒட்டியிருந்தத படிச்சேன். வாய் கோணினா, கை தொங்கினா, பேச்சு குழறினா, அது நின்னுபோனாலும் உடனே போகணும்னு போட்டிருந்துச்சு. நின்னுபோச்சுன்னு வீட்ல இருந்துட்டவங்களுக்குத்தான் பெருசா வருமாம். நீங்க வரலன்னா அண்ணனக் கூப்பிடுவேன். அவரு வந்து அழுவாரு. அது உங்களுக்குத் தேவையா?"

அது தேவையில்லை. வண்டி வந்ததும் அவள் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் வேகவேகமாக நடந்தது. விரல் நுனியில் ஊசியால் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், மார்பில் ஒயர் ஒட்டினார்கள், தலையைப் பெரிய வளையத்துக்குள் விட்டுப் படம் எடுத்தார்கள். ரத்த அழுத்தம் நூற்றெண்பதைத் தாண்டியிருந்தது.

"பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று டாக்டர் கேட்டாள். சின்ன வயதுக்காரி. கண்களுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னால சாப்பிட்டேன். தலவலி நின்னுடுச்சு, விட்டுட்டேன்."

"பிரஷருக்குத் தலவலி வரணும்னு இல்லம்மா. சத்தமே போடாம உள்ள வேலைய முடிச்சிடும்." எழுதிக்கொண்டே கேட்டாள்: "இந்த மாதிரி வந்தது இதுதான் முதல் தடவையா?"

'ஆமா' என்ற சொல் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. பக்கத்தில் நாத்தனார் நின்றாள். இல்லை என்று சொன்னால் மூன்று வாரப் பொய் வெளியே வரும். ஆமா என்று சொன்னால்? தன்னைப் பற்றித் தனக்கு மட்டும் தெரிந்த அந்த இரண்டு நாளும் யாருக்கும் உதவாமல் உள்ளேயே கிடக்கும். தன் உடம்பிடமே இப்படிக் கண்ணாமூச்சி ஆடியது எதற்காக என்று அவளுக்கே வியப்பாக இருந்தது.

"மூணாவது தடவை," என்றாள்.

நாத்தனார் திரும்பிப் பார்த்த பார்வையை அவள் சந்திக்கவில்லை. டாக்டரின் பேனா நின்றது.

"மூணு தடவையும் எந்தக் கை?"

"இதே கைதான்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நல்லவேளை, சொன்னீங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே கைன்னா, ஒரே இடத்துலேருந்துதான் ஏதோ கிளம்பி வருது. கழுத்த இப்பவே பாத்துடலாம். வலது பக்கம்."

"இடது கைக்கு வலது கழுத்தா?"

"மூளையோட வலது பாதிதான் இடது பக்கத்த நடத்துது."

துணியின் உள்பக்கத்தை மேலே வைத்து வெட்டினால் இடது வலதாகிவிடும். அது அவளுக்குப் பழகிய விஷயம்தான். தன் தலைக்குள்ளும் அப்படித் திருப்பிப் போட்டு வெட்டியிருக்கிறார்கள் என்பது இத்தனை வயதில் புதுச் செய்தி.

கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி ஒரு சின்னக் கருவியை நகர்த்தினார்கள். ஒலிபெருக்கியில் அவள் ரத்தம் கேட்டது. ஒரு இடம்வரை நிதானமாக 'உஷ், உஷ்' என்று போயிற்று. பிறகு ஜன்னல் இடுக்கில் காற்று நுழைவதுபோலக் கீச்சென்று உயர்ந்தது.

"இங்க குழாய் குறுகியிருக்கு," என்றாள் டாக்டர். "கொழுப்பு படிஞ்சு தடிச்சிருக்கு. அதுமேல ரத்தம் கட்டி, துணுக்குத் துணுக்கா பிஞ்சு மேல போயி மூளையில ஒரு சின்ன நாளத்த அடைக்குது. மூணும் தானாவே கரைஞ்சிடுச்சு. கரையாம ஒண்ணு நின்னிருந்தா அந்த இடத்து மூளை செத்திருக்கும். அதுதான் பக்கவாதம்."

"கரைஞ்சது எங்க போச்சு?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "ரத்தத்தோட ரத்தமா போயிடுச்சும்மா. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை, கொழுப்புக்கு ஒண்ணு, பிரஷருக்கு ஒண்ணு இன்னைக்கே ஆரம்பிக்கிறோம். பிரஷர் மாத்திரைய இனிமே நீங்களா விடக்கூடாது. குறுகின இடத்த ஆபரேஷன் பண்ணிச் சரிபண்றத பத்தி நாளைக்குப் பேசுவோம். வீட்டுக்கு விடமாட்டேன்."

வார்டில் படுக்கை கிடைத்தது. நாத்தனார் கம்பளியின் ஓரத்தைச் செருகினாள், தண்ணீர்ப் பாட்டிலை இடம் மாற்றினாள். பிறகு வெடித்தாள்.

"மூணு வாரம்! ஒரு ஊசி குத்தினாலே என்கிட்ட ஆயிரம் தடவ காட்டுவீங்க. இத மட்டும் முழுங்கினீங்க. நான் என்ன செத்தா போயிருந்தேன்?"

"உன்கிட்ட சொன்னா நிஜமாயிடும்னு இருந்துச்சு."

"அண்ணனுக்கு நீங்களே போன் பண்ணுங்க, நான் பண்ணமாட்டேன்," என்று சொல்லிவிட்டு நாத்தனார் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனாள்.

மாலை நான்கு மணி வெயில் எதிர்ப் படுக்கையின் கால்மாட்டில் விழுந்திருந்தது. அவளுக்கு இடது சுண்டுவிரலில் என்னவோ போல இருந்தது. மரத்ததா, இல்லையா? ஊன்றிக் கவனிக்கக் கவனிக்கக் கூடுவதுபோலவும் குறைவதுபோலவும் இருந்தது. சாய்ந்து படுத்ததால் இருக்கும் என்று மனம் உடனே ஒரு காரணத்தைக் கொண்டுவந்து நீட்டியது. நல்ல காரணம்தான். உண்மையாகவும் இருக்கலாம்.

அவள் வலது கையால் மணியை அழுத்தினாள்.

நர்ஸ் விரைந்து வந்து சிரிக்கச் சொன்னாள், இரண்டு கைகளையும் நீட்டச் சொன்னாள், தன் விரல்களை இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள்.

"முழங்கைய அடியில மடிச்சுப் படுத்திருக்கீங்க. அதான். வேற ஒண்ணும் இல்ல."

"வீணா உங்கள ஓட வச்சிட்டேன்."

"அத நாங்க பாத்துச் சொல்றோம். மறுபடி வந்தாலும் மணி அடிங்க."

"பத்து தடவ வந்தா?"

"பத்து தடவையும் வருவேன். பதினோராவது தடவ திட்டிக்கிட்டே வருவேன்," என்றாள் நர்ஸ், நேரத்தைக் குறித்துக்கொண்டே.