விசிறி இருந்த இடத்தில்

பாரிஸ் பெண்கள் பத்திரிகையின் ஆசிரியர் கிராவ்லோ, ஓவியக்காரி லெயோகாடி வரைந்த நாகரிக உடுப்புப் படத்தை மேசைமேல் எறிந்தார்.

"இடுப்பு இன்னும் ஒடுங்கணும்மா. படத்தை அச்சுத் தகட்டுல செதுக்கறவர் வாசல்ல காத்து நிக்கிறார்."

"இதுக்கு மேல ஒடுக்கினா குடலை எங்க வைக்கிறது ஐயா?"

"படத்துல இருக்கிறவ சாப்பிடவா போறா?"

மாதிரிக்காக அதே உடுப்பில் நின்றிருந்த ஆசிரியரின் மகள் கிளோதில்ட், கடித்த வெண்ணெய் ரொட்டியைச் சத்தமில்லாமல் தட்டில் திருப்பி வைத்தாள். வயிற்றை எக்கிக்கொண்டாள்.

லெயோகாடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரப்பரை எடுத்தாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று ஆசிரியர் நினைத்தார். அவளோ இடுப்பைத் தொடவில்லை. படத்துப் பெண்ணின் கையிலிருந்த விசிறியை அழித்து, அங்கே கடித்த ரொட்டி ஒன்றை வரைந்து, அவர் பக்கம் தள்ளினாள்.

"சாப்பிடறா ஐயா."