பால் பொங்கும்வரை

எங்கள் வீடு மாதம் ஒரு பஸ் ஸ்டாப் தள்ளிப் போகும். வீட்டுக்காரர் ஏகாம்பரம் தங்கமான மனிதர், வாடகையை ஏற்றவே மாட்டார். அதே வாடகைக்கு எங்கே வீடு கிடைக்குமோ, முதல் தேதி காலையில் வீடு தானாகவே அங்கே போய்விடும். நான் கம்பெனியில் சேர்ந்த புதிதில் ஜன்னலைத் திறந்தால் கம்பெனி கேட் தெரியும். கடைசியாக வீடு நின்றபோது அது இருபத்தாறு ஸ்டாப் தூரம்.

வீட்டை நிறுத்துவது என் மனைவி வேதவல்லியின் பொறுப்பு. புது இடம் வந்ததும் பால் காய்ச்சுவாள். பால் பொங்கி வழிந்தால் வீடு நிற்கும். அதுவரை எங்கள் மகள் ஹர்ஷிதா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்டாப் போர்டுகளை வாசித்துக்கொண்டு வருவாள். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அப்படித்தான்.

போன மாதம் பால் விலை ஏறியது. வேதவல்லி சின்ன பாக்கெட் வாங்கி, குறைந்ததற்குத் தண்ணீரை ஊற்றினாள். பால் கொதித்தது, பொங்கவில்லை. அந்த நேரம் பார்த்து கேஸும் தீர்ந்துவிட்டது. டீ இடைவேளையில் எனக்கு போன் வந்தது.

"ஏங்க, வீடு நிக்க மாட்டேங்குது. கடைசி ஸ்டாப்பையும் தாண்டியாச்சு. போர்டே இல்ல. பாப்பா வாசிக்க ஒண்ணுமில்லாம சும்மா நிக்கிறா."

"கதவைத் திறந்து ரெண்டு பேரும் இறங்கிடுங்க."

"நடுவுல இறங்கினா பத்து மாச அட்வான்ஸ் திரும்பாதுங்க."

அது நியாயம்தான். சூப்பர்வைசரிடம் சொன்னேன். முதல் தேதி எல்லோருக்கும்தான் வீடு போகிறது என்றார். அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு அனுப்பினார்.

முழு பாக்கெட் பாலும், டீக்கடையில் இரவல் வாங்கிய சின்ன கேஸ் அடுப்பும் எடுத்துக்கொண்டு கடைசி ஸ்டாப்பில் இறங்கினேன். ஏரிக்கரை மேல் வீடு போய்க்கொண்டிருந்தது. வேகம் ஒன்றும் இல்லை, மாடு நடக்கிற நடைதான். ஓடினேன். ஓடிய தூரம் எவ்வளவோ அவ்வளவு அது தள்ளிப் போனது. சம்பளம் ஏறிய வருஷங்களிலும் இப்படித்தான் ஆனது.

போனில் ஹர்ஷிதா சொன்னாள்: "அப்பா, நீ ரொம்பச் சின்னதா தெரியற."

ஸ்டாப்புக்குத் திரும்பி வந்தேன். இங்கே பொங்கினால் அங்கே நிற்குமோ என்று நிழற்குடையில் அடுப்பை வைத்துப் பாலைக் காய்ச்சினேன். அருமையாகப் பொங்கியது. வீடு நிற்கவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் எழுந்து, உட்கார்ந்த இடத்தைத் துடைத்துவிட்டு, "நல்லா இருங்க" என்று சொல்லி வெளியே போய் வெயிலில் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் ஏகாம்பரம் மொபெட்டில் வந்து சேர்ந்தார்.

"என்ன ஞானவேலு, ஒரு ஆளுக்கு ரெண்டு வீடா? வசதிதான் போ. பயப்படாத, இதுக்கும் அதே வாடகைதான்."

அன்றிலிருந்து இரண்டு ஷிஃப்ட் பார்க்கிறேன். நிழற்குடையில் சிமெண்ட் பெஞ்சில் படுக்கிறேன். ஹர்ஷிதா தினமும் பேசுகிறாள். குரல் தேய்ந்துகொண்டே வருகிறது. நேற்று மூச்சு மட்டும்தான் கேட்டது. குழந்தையைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

இன்று முதல் தேதி. காலையில் நிழற்குடை மெல்ல அசைந்து, ஏரிக்கரைப் பக்கம் நகர்ந்தது. ஒரு ஸ்டாப் தூரம் வந்ததும் பால் பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். அடுப்பும் தயாராக இருந்தது. பாக்கெட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். நிழற்குடை போய்க்கொண்டே இருந்தது. சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது, எடுக்கவில்லை.

மத்தியானம் மீண்டும் போன் அடித்தது. ஹர்ஷிதாவின் குரல் தெளிவாகவே கேட்டது.

"அப்பா, பின்னாடி ஒரு போர்டு வருது" என்றவள், எழுத்துக் கூட்டி வாசிக்க ஆரம்பித்தாள். "ஞா... ன... வே..."

தலைக்கு மேலே இருந்த ஸ்டாப் போர்டை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் வாசித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.