விற்றுப்போன பேக்கப்

கடைக்காரருக்கு விலை சொல்லத் தெரியாத பொருள் உலகத்தில் கிடையாது. பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற கடை. உட்கார்ந்திருந்த நாற்காலியைக்கூட எழுந்து நின்று விற்றிருக்கிறார்.

பின்னறையில் மனைவியின் எம்ப்ராய்டரி மெஷின். கொடி, பூ, பறவை என்று அவள் வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டரில் வரைந்து சேர்த்ததைத்தான் அது துணியில் தைக்கும். காலையில் அந்தக் கம்ப்யூட்டரில் இடம் பற்றவில்லை என்று வேண்டாததை அழிக்க உட்கார்ந்தவர், டிசைன் ஃபோல்டரையே அழித்துவிட்டார். கையோடு ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை.

"பேக்கப் டிஸ்க் இருக்குல்ல, எடுங்க" என்றாள் மனைவி, பதறாமல்.

அவர் மேஜையைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, எங்க அது?"

"போன வாரம் ஒருத்தர் வந்தாரு. நல்ல விலைக்குக் கேட்டாரு. வேற டிஸ்க்ல காப்பி போட்டுக்கலாம்னு…"

"வித்துட்டீங்க."

"ம்."

"அவர்கிட்டயே திருப்பி வாங்குங்க."

"வாங்கலாம். சுத்தமா துடைச்சுல்ல கொடுத்தேன்! அதுல ஒரு இதழ்கூட மிஞ்சாது. நம்ம கடை நாணயம் அப்படி."

"உங்க நாணயத்துல இடி விழ."

அழிந்த டிஸ்கில் புதிதாக எதுவும் பதியக் கூடாது; பதிந்தால் பழையது அடியோடு போகும். அது அவருக்குத் தெரியும். உடனே கம்ப்யூட்டரை அணைத்தார், டிஸ்கைக் கழற்றினார், அடுத்த தெருவில் அழிந்ததை மீட்டுத் தருகிறவனிடம் ஓடினார். பஜாரில் அவனுக்கு 'டாக்டர்' என்று பேர்.

"வந்த வரைக்கும்தான் அண்ணே. உத்தரவாதம் கேக்காதீங்க" என்று ஒரு தொகை சொன்னான் டாக்டர்.

"சரிப்பா."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தான். "பேரம் பேசலையா? உடம்புக்கு முடியலையா அண்ணே?"

சாயங்காலம் டிசைனெல்லாம் மீண்டு வந்தது. வந்ததென்றால், கல்யாண வீட்டில் செருப்புத் தேடுகிற மாதிரி. ஒன்றுக்கும் பெயரில்லை, எல்லாம் வெறும் எண். ஒவ்வொன்றாக அவர் திறக்க, அவள் அடையாளம் சொன்னாள்.

"இது வாசல் திரைக்குப் போட்டது. இது திறக்கலையா? விடுங்க, போச்சு. அடுத்தது."

திறந்து திறந்து மணிக்கட்டு கழன்றது. கண் எரிந்தது. பாதிக்கு மேல் ஊனம். ஒரு பறவைக்கு உடம்பு இருந்தது, இறக்கை இல்லை.

"இத்தனையா வரைஞ்சிருக்கே?"

"இப்பத்தான் பாக்குறீங்களா?"

அவர் அடுத்ததைத் திறந்தார். தேறியதையெல்லாம் ஒரு புது டிஸ்கில் ஏற்றிக் கொடுத்தார். அவள் அதைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"எங்க அக்கா வீட்டுல இருக்கட்டும்."

"ஒவ்வொரு தடவை காப்பி போடவும் அங்க போவியா?"

"போவேன். இங்க இருந்தா யாராவது விலை கேப்பாங்க."

மறுத்துப் பேசத்தான் வாயைத் திறந்தார். ஆனால் கைக்கு வந்தபோதே அந்த டிஸ்க் என்ன விலைக்குப் போகும் என்று மனசு போட்டுப் பார்த்திருந்தது. மூடிக்கொண்டார்.

அவள் கம்ப்யூட்டரில் அந்தப் பறவையின் முதல் இறகை வரையத் தொடங்கினாள்.

"நான் ஏதாச்சும் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க. எதையும் தொடாம இருங்க."